பொழுதுபோக்கில் மொழி படிக்க முடியுமா?
செல்போனும் நம் பிள்ளைகளின் ஆங்கிலமும்



கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் அண்மைக் காலமாக ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகச் செலவு ஆகியவற்றோடு 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புக்கும் உதவி கேட்கிறார்கள். கேட்டு வருபவர்களில் தாய்மார்களே அதிகம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த மகள், கல்லூரியில் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பார் ஒருவர். டிப்ளமோ முடித்த மகனுக்குத் தொழில் தெரியும், ஆனால் நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை என்பார் இன்னொருவர். மனுவைக் கொடுத்துவிட்டு எழும்போது, "எந்நேரமும் செல்போனும் கையுமாகத்தான் இருக்கிறான், அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஆங்கிலம் வரவில்லை என்பது ஒரு கவலை. செல்போனை விடவில்லை என்பது இன்னொரு கவலை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறோம். ஆனால் இரண்டாவதில் வீணாகும் நேரத்தில் ஒரு பகுதியை எடுத்து முதலாவதைத் தீர்த்துக்கொள்ள முடியும். எல்லோருக்கும், எப்படிப் பார்த்தாலும் அது நடந்துவிடாது. சில நிபந்தனைகள் இருக்கின்றன. அவை என்ன என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

வகுப்பில்லாமல் வந்த மொழிகள்

வளைகுடாவுக்குச் சென்று வந்த நம்மவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து புறப்படும்போது பலருக்கு இந்தியில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஓரிரு வருடங்களில் சரளமாகப் பேசுவார்கள். யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே அறையில் பீகார்காரர் ஒருவர், பாகிஸ்தான்காரர் ஒருவர், மலையாளி ஒருவர். இன்று யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது என்று பேசியாக வேண்டும். இரவில் டிவியில் ஓடும் இந்திப் படத்தை எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். புரியாததை அருகில் இருப்பவரிடம் கேட்பார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், ஆனால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. இப்படித்தான் மொழி வந்தது.

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பேச்சின் பொருள் கண்ணெதிரே இருந்தது. அதே சொற்கள் தினமும் திரும்பத் திரும்ப வந்தன. பதிலுக்கு அவரும் பேச வேண்டியிருந்தது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மக்தபில் கற்கும் ஒரு பாடம்

இதற்கு மறுபக்கமாக நமக்கு நன்கு தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. நம் பிள்ளைகள் ஐந்து வயதில் அலிஃப், பே என்று தொடங்கி, சில வருடங்களில் குர்ஆனை முழுமையாக ஓதி முடித்துவிடுகிறார்கள். உச்சரிப்பு அழகாக இருக்கும். சூராக்கள் மனப்பாடம். ஆயினும் அரபியில் "எனக்குத் தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடுங்கள்" என்று சொல்லச் சொன்னால் பெரும்பாலோருக்குத் தெரியாது. அது ஓதுதலின் குறை அல்ல. ஓதுதலின் நோக்கமே வேறு, அதன் நன்மையும் வேறு. மொழி என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால், பொருள் புரியாமல் எவ்வளவு நேரம் ஒரு மொழியைக் காதால் கேட்டாலும் வாயால் சொன்னாலும், அது பேச்சு மொழியாக நம்மிடம் வந்து சேர்வதில்லை என்பதை நம் அனுபவமே காட்டுகிறது.

செல்போனுக்கும் இதுவே பொருந்தும். புரியாத ஆங்கிலப் படத்தைச் சண்டைக் காட்சிக்காக மூன்று மணி நேரம் பார்த்த பையனுக்கு ஆங்கிலம் வராது. ஓசை மட்டும் காதில் தங்கும்.

ஐரோப்பாவில் கண்டது

ஐரோப்பாவில் சில நாடுகள் வெளிநாட்டுப் படங்களையும் தொடர்களையும் தங்கள் மொழியில் டப்பிங் செய்து காட்டும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் ஆகியவை அப்படி. சுவீடன், நார்வே, டென்மார்க், நெதர்லாந்து ஆகியவை அசல் குரலை அப்படியே விட்டு, அடியில் தங்கள் மொழியில் எழுத்து வரி போடும். நாம் சப்டைட்டில் என்கிறோமே, அதுதான்.

2011-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையம் 14 நாடுகளில் சுமார் 54,000 பள்ளி மாணவர்களின் அந்நிய மொழித் திறனைச் சோதித்தது. பிறர் துணையின்றி ஆங்கிலத்தைப் பயன்படுத்தும் நிலையைச் சுவீடனில் 82 சதவீத மாணவர்கள் எட்டியிருந்தார்கள். பிரான்சில் 14 சதவீதம்தான். இந்த வித்தியாசத்துக்கு டிவி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பள்ளிகளும் வேறு, மொழிகளும் வேறு. ஆனால் சுவீடன் நாட்டுப் பிள்ளை பள்ளிக்கு வெளியிலும் நாள்தோறும் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டே வளர்கிறது என்பது முக்கியமான ஒரு காரணம்.

பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது. அங்கே பள்ளியில் முதலில் கற்பிக்கும் அந்நிய மொழி பிரெஞ்சு. ஆங்கிலப் பாடம் பிறகுதான் வரும். பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்காத, 10 முதல் 12 வயதுள்ள 780 பிள்ளைகளை கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெனெஸா டி வில்டே என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் சோதித்து, முடிவை 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு பாடம்கூடப் படிக்காமலேயே கணிசமான பிள்ளைகள் எளிய ஆங்கிலத்தைக் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டார்கள், பேசவும் செய்தார்கள். அதே நேரத்தில் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசமும் பெரிதாக இருந்தது. அதிகப் பயன் தந்தவை மூன்று: ஆங்கிலத்தில் விளையாடும் கணினி விளையாட்டுகள், சமூக ஊடகங்கள், ஆங்கிலத்தில் பேசுவது. மூன்றிலும் பிள்ளை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. படித்து, புரிந்து, உடனே ஏதாவது செய்ய வேண்டும்.

சுவீடனில் பியா சுண்ட்குவிஸ்ட் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. பாட்டுக் கேட்பது, படம் பார்ப்பது ஆகியவற்றைவிட, வாசிப்பதும் விளையாடுவதும் இணையத்தைப் பயன்படுத்துவதும் அதிகப் பலன் தந்தன. ஆண்பிள்ளைகள் இத்தகைய செயல்களில் பெண்பிள்ளைகளைவிட அதிக நேரம் செலவிட்டிருந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு கண்டது.

இந்தக் கடைசிச் செய்தி நம் வீடுகளுக்கும் உரியது. மகனுக்குத் தனி செல்போன் இருக்கும். மகளுக்கு உம்மாவின் செல்போன், அதுவும் உம்மாவுக்கு வேலை இல்லாத நேரத்தில். வீணாக்கும் வாய்ப்பும் மகனுக்கே, கற்கும் வாய்ப்பும் மகனுக்கே என்று ஆகிவிடுகிறது. கல்லூரியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மகளைப் பற்றிக் கவலைப்படுகிற நாம், அவளுக்கென்று நாளுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கிக் கொடுக்கிறோமா என்று யோசிக்க வேண்டும்.

அங்கே நடந்தது இங்கே அப்படியே நடக்குமா?

நடக்காது. டச்சும் சுவீடிஷும் ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு மொழிகள். புத்தகத்துக்கு டச்சு மொழியிலும் ஏறக்குறைய 'புக்'தான். தமிழ் வேறு குடும்பம். வாக்கிய அமைப்பே தலைகீழ். ஆகவே நம் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகக் காலம் பிடிக்கும், பொருளைப் புரியவைக்கும் துணையும் அதிகம் தேவைப்படும்.

ஆனால் நாம் வெறுங்கையுடனும் இல்லை. டிக்கெட், பஸ், பேங்க், டாக்டர், ஆபரேஷன், லோன், டெபாசிட் என்று நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் பள்ளிக்கூடம் பக்கமே போகாத நம் பாட்டிமார் வாயிலும் இருக்கின்றன. மருந்துச் சீட்டிலும் கடைப் பலகையிலும் ஆங்கில எழுத்துகளைத் தினமும் பார்க்கிறோம். அஸ்திவாரம் இருக்கிறது.

எது பயன் தரும், எது தராது?

முதலாவது, தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் பார்க்க வேண்டும். ஆங்கிலப் படங்களையும் தொடர்களையும் ஓரளவு புரிந்துகொள்ளவே ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 3,000 சொற்களும் அவற்றின் வடிவங்களும் தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 500 சொல் தெரிந்த பிள்ளை ஹாலிவுட் படத்தில் தொடங்கினால் மூழ்கிவிடும். ஆனால் பிரியாணி செய்யத் தெரிந்த பெண் பிரியாணி செய்முறையை ஆங்கில வீடியோவில் பார்த்தால், வெங்காயம் பொன்னிறமாகும்போது பேசுபவர் என்ன சொல்கிறார் என்பது தானாகவே விளங்கும். கிரிக்கெட் தெரிந்த பையன் வர்ணனையை ஆங்கிலத்துக்கு மாற்றிக் கேட்டால், பந்து எங்கே போனது என்பதைக் கண் சொல்லிவிடும், அதற்கான சொல்லைக் காது பிடித்துக்கொள்ளும். தையல், ஆரி வேலை, மெஹந்தி, பைக் பழுது பார்ப்பது என்று யாருக்கு எது கைவந்ததோ அதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டாவது, ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கில எழுத்து வரியையே போட வேண்டும். தொடக்கத்தில் கதை விளங்குவதற்குத் தமிழ் வரி உதவும். ஆனால் கண் எப்போதும் எழுத்துக்குத்தான் முதலில் போகும். தமிழில் படித்தே விளங்கிவிட்டால் காது ஆங்கிலத்தைக் கவனிப்பது குறையும். ஓரளவு படிக்கத் தெரிந்தவர்கள் ஆங்கில வரிக்கு மாறிவிடுவது நல்லது. டச்சுக்காரர்களிடம் 2009-இல் நடந்த ஒரு சோதனையில், பழகாத உச்சரிப்பில் பேசும் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ள ஆங்கில வரி உதவியது, டச்சு வரி இடையூறாக இருந்தது என்று தெரியவந்தது. யூடியூபில் 'சிசி' என்ற பொத்தானைத் தொட்டால் வரி வரும். வேகத்தை 0.75 என்று குறைத்தும் கேட்கலாம். இயந்திரம் தானாகப் போடும் வரிகளில் பிழைகள் இருக்கும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, சிறியதை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். புதுச் சொல் ஒரு தடவை கேட்டதும் மனத்தில் நிற்பதில்லை. பல தடவை, வெவ்வேறு இடங்களில் எதிர்ப்பட்டால்தான் நிற்கும். ஒரு மணி நேரப் படத்தை ஒரு தடவை பார்ப்பதைவிட, ஐந்து நிமிடக் காட்சியை மூன்று நாட்கள் பார்ப்பது மேல். விரலால் தள்ளிக்கொண்டே போகும் அரை நிமிட வீடியோக்கள் இந்த விஷயத்தில் அநேகமாகப் பயன்படாது. ஒரு சொல் காதில் விழுந்து பொருள் விளங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

நான்காவது, பதிலுக்குப் பேச வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தால் புரியும், ஆனால் வாய் வராது. பார்த்த காட்சியின் வசனத்தை நிறுத்தி நிறுத்திக் கூடவே சொல்லிப் பார்க்கலாம். அக்காளும் தங்கையும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று வைத்துக்கொள்ளலாம். விளையாட்டும் அப்படியே. தெருப் பையன்களோடு சேர்ந்து தமிழில் கத்திக்கொண்டு ஆடும் துப்பாக்கி ஆட்டத்தில் ஆங்கிலம் எதுவும் இல்லை. வழிகாட்டும் குறிப்புகளைப் படித்து, யோசித்து, அடுத்த கட்டத்துக்குச் செல்லும் ஆட்டங்களில் இருக்கிறது.

எச்சரிக்கைகள்

கைக்குழந்தைக்கு ஆங்கிலக் கார்ட்டூன் போட்டுவிட்டால் ஆங்கிலம் வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வராது. அமெரிக்காவில் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், சீன மொழி பேசும் ஒருவர் 9 மாதக் குழந்தைகளோடு நேரில் 12 தடவை விளையாடிப் பேசினார். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அந்த வயதுப் பிள்ளைக்குத் தேவை உம்மாவின் தமிழ்.

அடுத்து, பொழுதுபோக்கில் வரும் ஆங்கிலம் பேச்சு வழக்கு. 'வான்னா', 'கொன்னா' என்று படத்தில் கேட்டுப் பழகியவர்கள் வேலை விண்ணப்பத்திலும் அப்படியே எழுதிவிடுவார்கள். எழுத்துக்கூட்டல், இலக்கணம், முறையான கடிதம் ஆகியவற்றுக்குப் பள்ளியும் ஆசிரியரும் புத்தகமும் வேண்டும். வீட்டில் வருவது பள்ளிப் பாடத்துக்குத் துணை. அது பள்ளிக்கு மாற்று ஆகாது.

மூன்றாவது, பாதுகாப்பு. ஆங்கிலம் பழகுவதற்கென்று முகம் தெரியாதவர்களோடு பேசும் செயலிகள் பல இருக்கின்றன. பிள்ளைகளைப் பொறுத்தவரை அவை வேண்டாம். விளையாட்டுகளிலும் அந்நியருடன் அரட்டை அடிக்கும் வசதியை நிறுத்தி வைக்கலாம். பணம் கட்டி ஆடும் ஆட்டங்கள் அறவே கூடாது. செல்போன் கூடத்தில் இருக்கட்டும், கதவடைத்த அறைக்குள் வேண்டாம். தொழுகை நேரத்தையும் தூக்கத்தையும் விழுங்குகிற எந்தக் கல்வியும் கல்வி அல்ல.

ஆங்கிலம் தெரியாத தாய் என்ன செய்யலாம்?

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே, பிள்ளை பார்ப்பது சரியா என்று நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிள்ளை பார்த்து முடித்ததும், "என்ன நடந்தது, கதையைத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். விவரமாகச் சொன்னால் புரிந்து பார்த்திருக்கிறது. "சும்மா சண்டை போட்டார்கள்" என்று மழுப்பினால் புரியாமல் பார்த்திருக்கிறது, அதைவிட எளிதானதை எடுக்க வேண்டும். பிறகு, "இன்று கேட்ட சொற்களில் எனக்கு மூன்று சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று சொல் மறக்காது. உங்களுக்கும் மூன்று சொல் லாபம்.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் காட்சியைப் பார்ப்பது, அடுத்த பத்து நிமிடம் அதே காட்சியை நிறுத்தி நிறுத்திக் கூடவே சொல்வது, கடைசிப் பத்து நிமிடம் ஐந்து சொற்களை வாக்கியத்தோடு நோட்டில் எழுதி, வீட்டில் யாரிடமாவது பேசிக் காட்டுவது. தனிச் சொல்லாக எழுத வேண்டாம், அது வந்த வாக்கியத்தோடு எழுதினால்தான் பேசும்போது கைகொடுக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு இரண்டு இலவச வழிகளைச் சொல்கிறோம். சிறு பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் படக்கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிநிலை வாரியாக உள்ளன. ஒரே கதையை முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படிக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்' தளத்தில் ஆறு நிமிட உரையாடல்கள், பேச்சின் எழுத்து வடிவத்தோடு கிடைக்கும்.

வளைகுடாவுக்குச் செல்ல இருக்கும் இளைஞர்களும் மதரஸா மாணவர்களும் அரபிக்கும் இதே முறையைப் பின்பற்றலாம். அரபு நாடுகளிலேயே பிள்ளைகள் வீட்டில் பேசுவது வட்டார வழக்கு. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்பேஸ்டூன்' தொலைக்காட்சி கார்ட்டூன்களை இலக்கிய அரபியில், அதாவது ஃபுஸ்ஹாவில் டப்பிங் செய்து காட்டியது. அதைப் பார்த்து வளர்ந்த அரபுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு வெளியேயும் ஃபுஸ்ஹா காதில் பழகியது. நஹ்வு, ஸர்ஃபு படித்தும் பேச்சு வராத நம் மாணவர்களுக்கும் அத்தகைய கார்ட்டூன்கள் காதைத் திறந்து வைக்கும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு உதவி கேட்பவர்களைத் திருப்பி அனுப்புவதற்காக இதை எழுதவில்லை. தேவையுள்ளவர்களுக்கு உதவி தொடரும், இன்ஷா அல்லாஹ். ஆனால் வாரம் மூன்று மணி நேர வகுப்புக்குப் போய்விட்டு மீதி நாட்களில் ஆங்கிலத்தைத் தொடாத பிள்ளைக்கு அந்தக் கட்டணம் வீண். கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டிலும், புரிந்து பார்த்து, திரும்பச் சொல்லி, கேட்க ஓர் ஆள் இருக்கும் பிள்ளைக்கு மொழி வரும். ஆகவே மனு கொடுக்க வருபவர்கள், அதற்கு முன் ஒரு மாதம் மேற்சொன்ன முறைப்படி பிள்ளையைப் பழக்கி, அந்த நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். நோட்டு வாங்க வசதியில்லாதவர்கள் நம் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.